டாமி கோ: சட்ட வகுப்பறையிலிருந்து ஐ.நா. வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வரலாறு சொல்லித்தருகிறேன். வெளியுறவு பற்றிய பாடம் வந்தால் டாமி கோவின் பெயர் வந்துவிடும். பெயரோடு சந்தேகங்களும் வரும். பிள்ளைகள் கேட்பது போதாதென்று, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்பார்கள். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் வேறு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யார் டீச்சர் இந்த டாமி கோ? அமைச்சரா இருந்தவரா?

இல்லை. அவர் தேர்தலில் நின்றதே கிடையாது. 1937 நவம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் பள்ளியில் படித்து, சட்டம் பயின்று, சட்டம் கற்பித்து, 30 வயதில் ஐக்கிய நாடுகள் சபையில் சிங்கப்பூரின் நிரந்தரப் பிரதிநிதியானவர். பிறகு அமெரிக்காவுக்கான தூதர். உலகக் கடல்களுக்கெல்லாம் பொதுவான சட்டம் எழுதிய மாநாட்டுக்குத் தலைவர். இந்தக் கடைசி வரிதான் பாடப்புத்தகத்தில் ஒரே வாக்கியமாக வந்து போகும். என் கணக்கில் அதற்குத் தனிப் பாடமே வைக்க வேண்டும்.

வக்கீல்னும் சொல்றாங்க, பேராசிரியர்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1957இல் சட்டப் படிப்பு தொடங்கியபோது சேர்ந்த முதல் அணி மாணவர் அவர். 1961இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னாளில் சிங்கப்பூரின் தலைமை நீதிபதியான சான் செக் கியோங்கும் அதே அணிதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

டாமி கோ தொழில் பழகியது டேவிட் மார்ஷலிடம். மார்ஷல் அந்தக் காலத்தில் குற்றவியல் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞர், 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். அவரும் 1978 முதல் 1993 வரை பிரான்சுக்கான தூதராக இருந்தார். குருவும் சீடரும் ஒரே தடம். ஆனால் கோ நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 1962இலேயே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி விரிவுரையாளர் ஆனார். இடையில் ஹார்வர்டில் சட்ட மேற்படிப்பு, கேம்பிரிட்ஜில் குற்றவியல் பட்டயம். ஆக, படிப்பால் வக்கீல், பிழைப்பால் ஆசிரியர்.

முப்பது வயசுல ஐ.நா. தூதரா? அனுபவமே இல்லாம எப்படி அனுப்பினாங்க?

அனுபவம் உள்ளவர் என்று அன்று யாருமே இல்லை என்பதுதான் பதில். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த நாடு, செப்டம்பர் 21 அன்று ஐ.நா.வின் 117ஆவது உறுப்பினரானது. வெளியுறவு அமைச்சையே புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை. அதனால் பல்கலைக்கழகத்திலிருந்தும் வணிகத்திலிருந்தும் ஆட்களை எடுத்துத் தூதராக அனுப்பினார்கள். கோவுக்கு முன்னால் ஐ.நா.வில் இருந்த வோங் லின் கென் ஒரு வரலாற்றுப் பேராசிரியர்.

அப்போது வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். சட்டம் படிக்க லண்டன் போய், போர் குறுக்கிட்டதால் படிப்பை முடிக்காமல் பத்திரிகையாளரானவர். சட்டத்தைப் பாதியில் விட்ட தமிழர் ஒருவர் அமைச்சராக இருந்த காலத்தில், சட்டத்தை முழுதாகப் படித்த இளைஞர் ஒருவர் நியூயார்க்குக்குப் போனார். 1968இல் நடந்தது இது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

ஜெயகுமாரும் அவரும் நாற்காலியை மாத்திக்கிட்டாங்கன்னு அப்பா சொல்றார். நெசமா?

நிஜம்தான். 1971இல் டாமி கோ நியூயார்க்கிலிருந்து திரும்பிச் சட்டத்துறையின் டீன் ஆனார். அவர் விட்டுவந்த ஐ.நா. பொறுப்புக்குப் போனவர் அதே துறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எஸ். ஜெயகுமார். 1974இல் கோ மறுபடி நியூயார்க் போனார், ஜெயகுமார் திரும்பி வந்து டீன் ஆனார். ஒரு வீட்டுச் சாவியை இரண்டு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதைப்போல.

ஜெயகுமார் பிறகு அரசியலுக்குப் போய் உள்துறை, சட்டம், வெளியுறவு எல்லாம் பார்த்து, 2004இல் துணைப் பிரதமரானார். கோ அரசியல் பக்கம் போகவில்லை. 1974இல் போனவர் 1984 வரை ஐ.நா.விலேயே இருந்தார்.

ஐ.நா. தூதர்னா தினமும் என்னதான் வேலை? மேடையில பேசுறதா?

மேடைப் பேச்சு கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் சொற்களோடு மல்லுக்கட்டுவதில் போகும். ஒரு தீர்மானத்தின் வரைவில் இன்னும் ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். “நாடுகள் தகவல் தர [வேண்டும்] [தருவது நல்லது]” என்று ஒரு வரி இருந்தால், ஒரு கூட்டம் முதல் சொல்லுக்கு நிற்கும், இன்னொரு கூட்டம் இரண்டாவதற்கு நிற்கும். முதலாவது கடமை, இரண்டாவது வெறும் ஆலோசனை. இரவு எத்தனை மணியானாலும் அந்த அடைப்புக்குறியை அவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

சட்டம் படித்தவருக்கு இங்கேதான் கை ஓங்கும். ஒரு சொல் பத்து வருடம் கழித்து யார் கழுத்தைப் பிடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் அந்தப் படிப்பில் வருவது. வாதாடி ஜெயிப்பதைவிட இந்தப் பழக்கம்தான் தூதருக்கு வேண்டும் என்பது இத்தனை வருடம் அவர் வாழ்க்கையைப் படித்ததில் எனக்குப் பட்டது.

கடலுக்குக்கூடச் சட்டம் வேணுமா? அது எல்லாருக்கும் பொதுதானே?

பொது என்று சொன்னால் யார் படகு பெரிதோ அவர்களுக்குத்தான் கடல் கிடைக்கும். பழைய வழக்கப்படி கரையிலிருந்து 3 கடல் மைல்தான் ஒரு நாட்டுக்குச் சொந்தம். சிலி, பெரு போன்ற நாடுகள் 200 கடல் மைல் எங்களுடையது என்றன. 1967 நவம்பரில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடல் அடியிலுள்ள செல்வம் மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று பேசினார். மாநாட்டுக்கு விதை அங்கே விழுந்தது. 1973இல் தொடங்கி 1982 வரை அந்த மாநாடு நடந்தது.

சிங்கப்பூருக்கு இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று இருந்தது. எல்லோரும் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் எடுத்துக்கொண்டால், மலாக்கா நீரிணை போன்ற குறுகிய வழிகள் கரையோர நாடுகளின் கைக்குள் போய்விடும். கப்பல் வந்துபோவதை நம்பிப் பிழைக்கும் துறைமுக ஊருக்கு அது பேராபத்து. கடைசியில் 12 கடல் மைலும் ஏற்கப்பட்டது, அனைத்துலக நீரிணைகளில் கப்பல்களைத் தடுக்கக் கூடாது என்ற விதியும் கூடவே வந்தது. மீனுக்கும் எண்ணெய்க்கும் 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் மொத்த உடன்பாடு அது. பிடித்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

தலைவர் பதவி அவருக்கு எப்படி வந்துச்சு?

தொடக்கத்திலிருந்து மாநாட்டை நடத்தியவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. 1980 டிசம்பரில் அவர் காலமானார். வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்த நேரம். 1981 மார்ச்சில் டாமி கோவைத் தலைவராக்கினார்கள். அதே சமயம் அமெரிக்காவில் ரீகன் ஆட்சிக்கு வந்து, ஆழ்கடல் சுரங்க விதிகளை முதலிலிருந்து பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டது. பந்தி முடியும் நேரத்தில் இலையை மாற்றச் சொன்னதைப்போல. அந்தச் சூழலில்தான் 43 வயதுக்காரர் தலைமையை ஏற்றார்.

நூத்தம்பது நாட்டை எப்படித்தான் சம்மதிக்க வெச்சார்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். கடலடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் உருளைக்கிழங்கு அளவுக்கு மாங்கனீசு முடிச்சுகள் கிடக்கின்றன. நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அதில் உண்டு. அவற்றை எடுக்கும் நிறுவனம் உலகப் பொது அமைப்புக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? வளரும் நாடுகள் கொள்ளை லாபம் என்று நினைத்தன. தொழில்நாடுகள் நட்டம்தான் வரும் என்றன. அதுவரை யாரும் வணிக அளவில் எடுத்துப் பார்த்ததில்லை என்பதால் இரண்டு பக்கமும் ஊகம்தான்.

1978இலிருந்து இந்தப் பணக்கணக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதே தொழிலுக்கு ஒரு கணினி மாதிரி போட்டு வைத்திருந்தார்கள். அவர்களையும் பேராளர்களையும் சந்திக்க வைத்தார். உலோக விலை விழுந்தால் என்ன, செலவு கூடினால் என்ன என்று அவரவர் சந்தேகத்தை அவரவரே கேட்டார்கள். பெரும் லாபம் நிச்சயம் என்பதும் இல்லை, நட்டம் நிச்சயம் என்பதும் இல்லை என்று தெரிந்தது. லாபம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் ஓர் ஏற்பாட்டுக்கு அதன்பிறகுதான் வழி பிறந்தது. அவர் யாரையும் பேச்சால் மடக்கவில்லை. எல்லோரும் நம்பக்கூடிய ஒரே கணக்கை நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

மாநாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கருத்தொற்றுமைக்கான எல்லா முயற்சியும் தீரும்வரை வாக்கெடுப்பு கிடையாது. கடைசிக் கட்டத்தில் குவிந்த திருத்தங்களில் பெரும்பாலானவற்றைப் பேசியே திரும்பப் பெறவைத்தார்.

அமெரிக்காவே சேரலையே, அப்புறம் என்ன பெருமை?

1982 ஏப்ரல் 30 அன்று அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 130, எதிர்ப்பு 4, நடுநிலை 17. எதிர்த்தவை அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, வெனிசுவேலா. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்று உழைத்தவருக்கு அது வருத்தமான நாளாகத்தான் இருந்திருக்கும். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பேயில் முதல் நாளிலேயே 119 தரப்புகள் கையெழுத்திட்டன. 320 விதிகள். அதைக் கடல்களின் அரசியல் சாசனம் என்று கோ வருணித்தார். சுரங்கப் பகுதியை 1994இல் திருத்தி எழுதினார்கள், அதே நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே. அமெரிக்கா இன்னும் வெளியே. ஆனாலும் 1983இலேயே ரீகன் தன் நாட்டுக்கு 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தை அறிவித்துக்கொண்டார். கையெழுத்துப் போடாதவரும் அதே கோல் கொண்டு அளக்கிறார் என்றால், எழுதியது வீண் போகவில்லை.

எங்க ராமேஸ்வரம் மீனவங்களுக்கு இந்தச் சட்டத்தால பலன் உண்டா?

ராமநாதபுரத்திலிருக்கும் என் சித்தப்பா கேட்டது இது. சுருக்கமாகச் சொன்னால், நேரடியாக இல்லை. பாக் நீரிணையில் இந்தியா, இலங்கை எல்லையை இரண்டு நாடுகளும் 1974இலேயே ஒப்பந்தம் போட்டுத் தீர்மானித்துவிட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது அதில்தான். மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976இல் கோடு போட்டார்கள். கடல் சட்டம் வந்தது அதற்குப் பிறகு. இரு நாடுகள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட எல்லையை அது கலைப்பதில்லை.

மேலே சொன்ன 200 கடல் மைல் கணக்கும் இங்கே எடுபடாது. இரண்டு கரையும் அவ்வளவு பக்கம். இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் சட்டத்தை ஏற்றன. சித்தப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: அங்கே மீன் வலையில் விழும் இடம் வேறு, கோடு இருக்கும் இடம் வேறு. அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு நாடுகளும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு உலகச் சட்டம் குறுக்கே நிற்காது.

போல் பாட் கூட்டத்துக்கு ஐ.நா.வுல இடம் கொடுக்கணும்னு வாதாடினவர்தானே இவர்?

கசப்பான கேள்வி. பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும். 1979 ஜனவரியில் வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னைப் பிடித்து, போல் பாட் ஆட்சியைத் துரத்திவிட்டுப் புது அரசை உட்காரவைத்தது. ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி யாருக்கு? வெளிநாட்டுப் படை வந்து வைத்த அரசை ஏற்கக் கூடாது என்று தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் நின்றன. அந்த வாதத்தை முன்னின்று எடுத்துவைத்தவர்களில் கோ ஒருவர். இந்தியா 1980இல் புதிய அரசை அங்கீகரித்தது, எதிர்ப்பக்கம் நின்றது.

அவருடைய வாதம் போல் பாட்டுக்கு ஆதரவானது அல்ல. பெரிய அண்டைநாடு படையோடு வந்து ஆட்சியை மாற்றுவதை உலகம் ஒத்துக்கொண்டால் நாளை சிறிய நாடு எதுவும் மிஞ்சாது என்பதுதான். சிங்கப்பூர்க்காரியாக அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் லட்சக்கணக்கில் மக்களைக் கொன்ற கூட்டத்தின் ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றும் சமாதானத்தோடு படிக்க முடியவில்லை. சட்ட நியாயம் அந்த மக்களுக்கு நியாயமாகத் தெரிந்திருக்காது. வகுப்பிலும் இப்படியே சொல்கிறேன்.

1984க்கு அப்புறம் என்ன பண்ணார்?

1990 வரை வாஷிங்டனில் தூதர். 1992இல் ரியோவில் நடந்த புவி மாநாட்டுக்கு ஆயத்தக் குழுவின் தலைவர், மாநாட்டில் முதன்மைக் குழுவுக்கும் தலைவர். 1993இல் ரஷ்யாவுக்கும் பால்டிக் நாடுகளுக்கும் ஐ.நா. தலைமைச் செயலரின் சிறப்புத் தூதர். தேசியக் கலை மன்றத்துக்கும் மரபுடைமைக் கழகத்துக்கும் தலைமை வகித்தார். 2000 முதல் அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சில் சிங்கப்பூரின் தலைமைப் பேச்சாளர். 2003இல் கையெழுத்தானது. பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி: சூயிங்கம் விற்கத் தடையுள்ள சிங்கப்பூரில், மருத்துவப் பயன் உள்ள சூயிங்கம் மட்டும் விற்பனைக்கு வந்தது அந்த ஒப்பந்தத்தின் பலன்.

பெட்ரா பிராங்கா வழக்குல அவர்தான் வக்கீலா?

வக்கீல் என்பதைவிட நாட்டின் முகவர். அனைத்துலக நீதிமன்றத்தில் ஒரு நாட்டின் சார்பாக நின்று பொறுப்பேற்பவரை அப்படித்தான் சொல்வார்கள். பெட்ரா பிராங்கா சுமார் 137 மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைத் தீவு, சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல் கிழக்கே. 1851 முதல் அதில் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரிகிறது. 1979இல் மலேசியா தன் வரைபடத்தில் அதைச் சேர்த்ததும் தகராறு தொடங்கியது. அடிதடியில்லாமல் இரண்டு நாடுகளும் சேர்ந்தே 2003இல் தி ஹேக் நகரிலுள்ள அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. அதனால்தான் பகை முற்றவில்லை.

வழக்கின் உயிர் ஒரு கடிதத்தில் இருந்தது. 1953இல் சிங்கப்பூரின் குடியேற்ற அரசு அந்தத் தீவு யாருடையது என்று விசாரித்து, இன்று மலேசிய மாநிலமான ஜொகூருக்கு எழுதியது. அந்தச் செப்டம்பரில் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது: ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை. அவ்வளவுதான் பதில். தீவு முதலில் ஜொகூருடையதாகத்தான் இருந்தது, பின்னால் இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தால் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது என்று 2008 மே 23 அன்று தீர்ப்பு. 12 நீதிபதிகள் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குப் போனது. ஒரு சொல் பிற்காலத்தில் யார் கழுத்தைப் பிடிக்கும் என்று மேலே எழுதினேனே, இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2007 நவம்பரில் வாய்மொழி விசாரணை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 70 வயது நிறைந்தது. நாற்காலி மாற்றிக்கொண்ட ஜெயகுமார் துணைப் பிரதமராக அதே அணியில் இருந்தார். 1961 வகுப்புத் தோழர் சான் செக் கியோங், தலைமை நீதிபதியாக, பக்கத்திலேயே வாதிட்டார். நீதிமன்றத்தில் நிலைக்காமல் வகுப்பறைக்குப் போனவர், வகுப்பறை நண்பர்களோடு உலக நீதிமன்றத்தில் நின்றார்.

அரசாங்கத்தோட ஆளு, அரசாங்கத்தையே எப்படி விமர்சிக்கிறார்?

குறைந்த சம்பளக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்கிறார். 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவைத் தளர்த்தியதும், ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய சிங்கப்பூரின் 377ஏ பிரிவை மறுபடி நீதிமன்றத்தில் எதிர்த்துப் பாருங்கள் என்றார். அந்தப் பிரிவை நாடாளுமன்றம் 2022இல் நீக்கியது. நாட்டை நேசித்துக்கொண்டே குறைசொல்பவர்கள் வேண்டும் என்பது அவர் நிலை. கட்சியில் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட, கேள்வி கேட்பதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

என் மகளுக்குத் தூதர் ஆகணும்னு ஆசை. சட்டம்தான் படிக்கணுமா?

கட்டாயமில்லை. 1968இல் இருந்த நிலை இன்று இல்லை. 30 வயதில் நேரே தூதராக அனுப்பமாட்டார்கள். சிங்கப்பூரில் எந்தப் பட்டத்தோடும் வெளியுறவுச் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் என்றால் ஏதாவதொரு பட்டத்தோடு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு எழுதி ஐ.எஃப்.எஸ். வாங்க வேண்டும். சட்டம் படித்தால் ஐந்தாவது கேள்வியில் சொன்ன பழக்கம் சீக்கிரம் கைவரும், அவ்வளவே.

சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். கடல் சட்டத்தின் 15ஆவது விதியைக் கையில் கொடுப்பேன். எதிரெதிர்க் கரையிலுள்ள நாடுகள் தங்களுக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, வரலாற்று உரிமையோ வேறு சிறப்புச் சூழலோ இருந்தால் மட்டும் விலக்கு என்று சொல்கிற விதி அது. கூடவே பெயர் எழுதாத ஒரு நீரிணைப் படம், நடுவில் ஒரு தீவு. இரண்டு கட்சியாகப் பிரிந்து கோடு போட வேண்டும், கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மகளையும் அனுப்பிவையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் இதுவரை ஒரே ஒரு குழுதான் முடித்திருக்கிறது.